முப்பத்தெட்டு வருடம் தாமதித்த கள்

என் மகள் ஒலன்மாவின் கல்யாணத்துக்கு என் அண்ணனை அழைக்கத்தான் அனோசி போன் போட்டார். வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். நாலு பேர் காதில் விழாத பேச்சு அவருக்குப் பேச்சே இல்லை. அன்றைக்கு ஹூஸ்டன் வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன், சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு.

"மச்சான், அனோசி பேசுறேன்."

"எந்த அனோசி?" என்றார் எஜிகே அண்ணன்.

"என்ன மச்சான், விளையாடுறீங்களா? உங்க தங்கச்சி வீட்டுக்காரன்."

"என் தங்கச்சிக்கு இன்னும் கல்யாணம் ஆகலையே தம்பி."

அனோசி சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், என் பிறந்த ஊர் எஸியாமாவில் சேவல் கூவுவது மட்டும் போனில் கேட்டது.

"அஹுன்னாவைப் பொண்ணு கேட்டு எங்க அப்பா வாசலுக்கு யாரும் கள் கொண்டு வரல. அப்பா இருந்த வரைக்கும் வரல, போன பிறகும் வரல. அவ நாளைக்கே செத்தா உடம்பு எஸியாமாவுக்குத்தான் வரணும், உங்க ஊர் இஹிட்டேக்கு இல்ல. கல்யாணம் ஆகாத பொண்ணு பெத்த பிள்ளை யாரு பிள்ளை? எங்க பிள்ளை. ஒலன்மாவுக்குக் கள் கொண்டு வரவங்களை இங்க வரச் சொல்லு. நீயும் வா. உன்னையும் அழைக்கிறேன், வந்து வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போ."

போன் அணைந்த பிறகும் அனோசி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்க அண்ணன் காலையிலேயே குடிச்சிருக்காரா?"

"அவர் குடிக்கிறதில்ல. சர்க்கரை," என்றேன்.

வெண்டைக்காயைத் தொடர்ந்து நறுக்கினேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மனசு வலிக்கவும் செய்தது. அதை அடக்க வேண்டியிருக்கவில்லை, அது பழகிப்போன ஒன்று.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹூஸ்டனில் உள்ள எங்கள் ஊர்ச் சங்கத்துக்குப் பதினோரு வருடமாக அவர்தான் தலைவர். மாதாமாதம் கூட்டத்தில் சடங்குப்படி கோலாக் கொட்டையை உடைப்பதற்கு முன் அரை மணி நேரம் பேசுவார். நம் வழக்கம், நம் மண், நம் முன்னோர். பிள்ளைகள் மேஜைக்கு அடியில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு வருடம் முன்னால் ஒகெரே என்று ஒரு பாவப்பட்ட மனுஷன், மனைவிக்குக் கள் கொண்டுபோகாமலேயே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டுச் சங்கத்தைக் கூட்டினார். ஒரு ஆடும் பன்னிரண்டு பெட்டி பீரும் அபராதம். பெற்றவளுக்கு மரியாதை செய்யாதவன் மகளுடைய பரிசத்தைத் தொடலாமா என்று அவர் கேட்ட கேள்விக்குக் கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. அந்த ஆட்டைச் சமைத்தது நான்.

அவர் பொய்யாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை. தன்னைப் பற்றியதுதான் அது என்று அவருக்குத் தோன்றவேயில்லை. முப்பத்தெட்டு வருடமாகச் சோற்றைப் போட்டவள் மனைவியில்லாமல் வேறு யாராக இருக்க முடியும்?

எண்பத்தாறில் நாங்கள் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டோம். எனக்கு இருபத்து நாலு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை ஓட்டிக்கொண்டே, "செவ்வாய்க்கிழமை உனக்கு வேலை இல்லையே? கோர்ட் வரைக்கும் போயிட்டு வந்துடலாம்," என்றார். பெண் கேட்டது அவ்வளவுதான். கள் கொண்டுபோவதை அடுத்த டிசம்பரில் ஊருக்குப் போகும்போது முறையாகச் செய்துவிடலாம் என்றார். அடுத்த டிசம்பரில் அவருடைய ஆராய்ச்சிப் படிப்பு. அதற்கடுத்ததிலும் அதுவேதான். அந்தப் படிப்பு ஒன்பது வருடம் ஓடியது. நான் பள்ளிப் பேருந்து ஓட்டப் போனேன். அதிகாலை மூன்றே முக்காலுக்கு அலாரம், ஐந்து மணிக்கு டிப்போ, ஐம்பத்து நாலு பிள்ளைகள். இருபத்தாறு வருடம் ஓட்டினேன். இடது முழங்காலை மருத்துவர்கள் எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். வலது காலுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் என் அப்பா இறந்தார். எங்கள் பக்கம் மாமனார் சாவுக்கு மருமகன்கள் மாடும் மேளமுமாக வாசலில் நுழைவார்கள். அனோசி எல்லாரையும்விடப் பெரிய மாடு பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் மைக் பிடித்திருந்தவன் என் அண்ணனைப் பார்த்தான், அண்ணன் இல்லையென்று தலையை அசைத்தார். "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் குடும்ப நண்பர்" என்று அவன் அறிவித்தான். நண்பர்கள் பந்தலில் உட்காரவைத்தார்கள். அந்தப் பந்தலில் மின்விசிறி இருந்ததால் அவருக்கு ரொம்பத் திருப்தி. தனி மரியாதை என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு நான் அப்பாவுக்காக அழுததாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள், பாதி அழுகை அதற்கில்லை.

எஜிகே அண்ணனோடு போனில் பேசிய பிறகு மூன்று நாள் வீட்டில் பேச்சே இல்லை. நாலாம் நாள் அனோசி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். ஒலன்மாவின் கல்யாணம் டிசம்பர் இருபத்தெட்டு, சனிக்கிழமை, இஹிட்டேயில் எங்கள் வீட்டில். அதற்கு முந்திய புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பங்காளிகள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு எஸியாமாவுக்குப் போய் என் விஷயத்தை முடித்துவிடுவது. பந்தல் வேண்டாம், போட்டோ வேண்டாம், சங்கத்தில் யாருக்கும் தெரிய வேண்டாம். காலாவதியான பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கிற மாதிரி பேசினார்.

"பதினோரு மணிக்கு முடிஞ்சிடும். பந்தல்காரனைப் பன்னிரண்டுக்கு வரச் சொல்லியிருக்கேன்."

"என்னைக் கேட்டீங்களா?" என்றேன்.

"என்னத்தை?"

"கல்யாணத்துக்கு. சம்மதமான்னு."

வாய்விட்டுச் சிரித்தார். கிண்டல் சிரிப்பில்லை, நிஜமாகவே வேடிக்கையாக இருந்திருக்கிறது அவருக்கு. "முப்பத்தெட்டு வருஷம் கழிச்சா? சரி, உங்க அண்ணன் அனுப்பின சாமான் பட்டியலை எங்க வெச்சே?"

எடுத்துக் கொடுத்தேன். கிழங்கு, கருவாடு, மூக்குப்பொடி, பெண்களுக்குத் துணி, எட்டு ஜாடி கள். என்னைக் கட்டுவதற்கான பட்டியலை நானே ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன்.

பெண் அப்பா வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமையே என்னை எஸியாமாவில் இறக்கிவிட்டுப் போனார்கள். நான் ஊரை நினைத்து உருகுகிற ஆள் இல்லை. வடக்கிலிருந்து வரும் காய்ந்த காற்றில் உதடு வெடிக்கும், தூசி பல்லில் கடிபடும், தண்ணீர் லாரி வந்தால்தான் குளியல். எனக்குக் கொடுத்த அறையில் ஒரு மூலையில் ஆறு சிமெண்ட் மூட்டைகள் இருந்தன. தகரக் கூரை வெயிலில் டொக் டொக்கென்று சத்தமிட்டுக்கொண்டே இருந்தது. கட்டிலில் கொஞ்சம் உட்காரலாம் என்று காலை நீட்டினேன்.

கண்ணைத் திறந்தபோது திங்கட்கிழமை மத்தியானம். அண்ணி உலோமா கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"உயிரோட இருக்கியான்னு மூணு தடவை வந்து மூக்குல கை வெச்சுப் பார்த்தேன்," என்றாள். "உங்க ஊர்ல தூக்கம் கிடைக்காதா?"

"கிடைக்கும் அண்ணி. வாங்கத்தான் நேரம் இல்ல."

ஓஹா இலைக் குழம்பும் இடித்த கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்தேன். "உட்காரு, நீ பொண்ணு," என்று பிடுங்கிக்கொண்டு போனாள். நான் மறுபடி தூங்கினேன். மாத்திரை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நாற்பது பேருக்குச் சோறு வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் தூக்கத்தில் எனக்குக் கனவுகூட வரவில்லை. அப்படி ஒரு தூக்கம் இருக்கிறது என்பதையே மறந்திருந்தேன், அதை நினைத்தபோது என்மேலேயே எனக்குப் பரிதாபமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எஜிகே அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் அவர், எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டார்.

"நாளைக்கு உன்னை மூணு தடவை கேட்பேன். கள்ளைக் குடிக்கலாமான்னு. தெரியும்ல?"

"தெரியும்."

"மூணு தடவை எதுக்குக் கேட்கிறோம்? சும்மா பாட்டு மாதிரியா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம். குடிச்ச பிறகு எங்களால திருப்பித் தர முடியாது."

"சொன்னா ஒலன்மா கல்யாணம் நின்னுடுமே அண்ணா."

"ஏன் நிக்கணும்? நீ எங்க பொண்ணாவே இருந்தா அவளும் எங்க பொண்ணு. மாப்பிள்ளை வீட்டாரை இங்க வரச் சொல்லுவேன். வாசல் பெரிசா இருக்கு. பரிசத்தை நான் வாங்குவேன். பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. அவனுக்குத்தான் அப்பா நாற்காலி கிடைக்காது."

இதுவரை எனக்கு இருந்தது ஒரு வழிதான் என்று நினைத்திருந்தேன். வேறு வழி இல்லாதபோது களைப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். இப்போது அண்ணன் இன்னொரு கதவைத் திறந்து காட்டிவிட்டு, சாவகாசமாக மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

"இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப எதுக்குண்ணா இதையெல்லாம் சொல்றீங்க?"

"இத்தனை வருஷம் நீ தூங்கி நான் பார்த்ததில்ல," என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே ஒலன்மா வந்துவிட்டாள். என் மகள் ஹூஸ்டனில் மருந்தாளுநர், எதையும் சரியான அளவில் செய்கிறவள். என் கழுத்தில் பவளத்தைக் கட்டினாள், ஜார்ஜ் என்கிற விசேஷத் துணியை இரண்டு சுற்றாக இடுப்பில் இறுக்கினாள். நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். அறுபத்திரண்டு வயது மணப்பெண், ஒரு கால் இரும்பு.

"அம்மா, முகத்தை ஏன் இப்படி வெச்சிருக்க? ஒரு கப் கள்ளை வாங்கி ஒரு வாய் குடிச்சிட்டு அப்பாகிட்டக் குடுக்கப் போற. அஞ்சு நிமிஷம்."

"முட்டி போடணும்."

"லேசா குனிஞ்சா போதும்னு அப்பா சொன்னாரு."

"அப்பா சொன்னாரா?"

அவளுக்கு என் குரல் பிடிக்கவில்லை. பவளத்தைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள். அவளுடைய மாப்பிள்ளை லோட்டன்னா ஒரு கடற்கரையில் மண்டியிட்டு இவளைக் கேட்டான். தண்ணீர் அவன் கால்சட்டையெல்லாம் நனைத்துவிட்டது, இவள் பதில் சொல்ல நாலு நிமிடம் எடுத்துக்கொண்டாள். அந்த வீடியோவை அனோசி சங்கத்தில் எல்லாருக்கும் காட்டினார்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். அனோசியோடு நாலு பங்காளிகள். சிங்கத்தலை போட்ட கறுப்புச் சட்டையும் சிவப்புத் தொப்பியுமாக அவர் நடுவில் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஜாடிகளை வாசலில் வரிசையாக வைத்திருந்தார்கள், ஈ மொய்த்தது. அண்ணன் கோலாக் கொட்டையை உடைத்தார். அனோசியின் பெரியப்பா மகன் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"எங்க பையன் இந்த வழியா போகும்போது உங்க தோட்டத்துல ஒரு அழகான பூவைப் பார்த்துட்டான். அதைப் பறிச்சுட்டுப் போகலாமான்னு கேட்க வந்திருக்கோம்."

"அந்தப் பூவுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு, பார்த்துப் பறிங்க," என்று உலோமா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். வாசல் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அந்த ஒரு நிமிடம் எல்லாம் நல்லபடியாக நடந்துவிடும் என்றுதான் எனக்கே தோன்றியது.

என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணன் கப்பில் கள்ளை ஊற்றிக் கையில் கொடுத்தார். விடிகாலையில் இறக்கிய கள், நுரை இன்னும் அடங்கவில்லை.

"அஹுன்னா, இவங்க கொண்டு வந்த கள்ளை நாங்க குடிக்கலாமா?"

நான் அனோசியைப் பார்த்தேன். ஏதாவது ஒன்று அவர் முகத்தில் தெரிகிறதா என்றுதான் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஹுன்னா, இரண்டாவது தடவை கேட்கிறேன். குடிக்கலாமா?"

இப்போது அனோசி தலையை நிமிர்த்தினார். விரலை ஆட்டி, பேருந்தைப் பின்னால் எடுக்கச் சொல்கிற ஆள் மாதிரி, வா வா என்று சைகை காட்டினார். "சொல்லிடு அஹுன்னா. பந்தல்காரன் அங்க வந்து நிக்கிறான்."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை, கோபப்படத் தெம்பு வேண்டும். என் முழங்காலில் வலி ஏறிக்கொண்டிருந்தது. இந்த மனுஷனோடு என் சண்டை எல்லாம் பத்துப் பதினைந்து வருடம் முன்பே முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு ஆசைதான், சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கட்டிலுக்குத் திரும்பிப் போகிற ஆசை.

"மூணாவது தடவை கேட்கிறேன்."

"வேண்டாம் அண்ணா," என்றேன். "குடிக்காதீங்க."

பெரியப்பா மகன், கேட்கிற காதைத் திருப்பிப் பக்கத்திலிருந்தவனிடம், "என்ன சொன்னா?" என்றார். பக்கத்திலிருந்தவன் தரையைப் பார்த்தான். நான் கப்பை ஒரு சொட்டுச் சிந்தாமல் மேஜைமேல் வைத்தேன்.

"எனக்குக் களைப்பா இருக்கு. நான் போய்ப் படுக்கிறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

அனோசி பின்னாலேயே வந்தார். அறை வாசலில் தொப்பி இடித்தது.

"பைத்தியமா உனக்கு? பங்காளிங்க முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே! பிள்ளை கல்யாணத்துக்கு மூணு நாள் இருக்கு!"

"பிள்ளை கல்யாணம் இங்க நடக்கும். அண்ணன் பார்த்துப்பார்."

"அப்ப நான் யாரு?"

"விருந்தாளி. போன்லயே அழைச்சாரே, நீங்க கேட்கலையா?"

அவர் இடிபட்ட தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். வெளியே ஜாடிகளை வண்டியில் திருப்பி ஏற்றுகிற சத்தம் கேட்டது. அவர்கள் போன பிறகு ஒலன்மா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இருநூறு பேருக்கு இடம் மாறிடுச்சுன்னு மெசேஜ் அனுப்பணும். பந்தல், சாப்பாடு, பாட்டுக்காரங்க. உனக்கு என்னம்மா? இதை ஹூஸ்டன்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"ஹூஸ்டன்ல யாரும் கேட்கலையே."

"அப்பா ஒரு தடவைகூடக் கேட்கலையா? கல்யாணத்துக்கு முன்னாடி?"

"செவ்வாய்க்கிழமை வேலை இருக்கான்னு கேட்டார்."

அவள் போனை எடுத்து மெசேஜ் அடிக்க ஆரம்பித்தாள். அடித்துக்கொண்டே இன்னொரு கையால் என் வலது காலைப் பிடித்துவிட்டாள். நான் தூங்கிப்போனேன்.

சனிக்கிழமை கல்யாணம் எங்கள் அப்பா வாசலில் நடந்தது. லோட்டன்னா வீட்டார் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள், எஜிகே அண்ணன் வாங்க வேண்டியதை வாங்கினார். அனோசி வந்திருந்தார். வராமல் இருந்துவிடுவார் என்று பயந்திருந்தேன், வந்ததும் நிம்மதியாக இருந்தது. அதை ஒளித்துப் பயன் இல்லை. விருந்தாளிகள் பந்தலில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். இந்தத் தடவை மின்விசிறி இல்லை. சங்கத்துக்காரர்கள் ஏழு பேர் ஹூஸ்டனிலிருந்து வந்திருந்தார்கள், அதில் ஒகெரேயும் ஒருவன். அவன் அனோசிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு பீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான், ஒன்றும் பேசவில்லை. ஒலன்மா கப்பைக் கையில் ஏந்தி மாப்பிள்ளையைத் தேடி நடந்தபோது அப்பாவின் வரிசைக்கு வந்ததும் நின்று, குனிந்து அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் எழுந்து அவரிடம் போகவில்லை.

பிள்ளைகள் ஜனவரி இரண்டாம் தேதி விமானம் ஏறினார்கள். அனோசிக்கும் அதே விமானத்தில்தான் சீட்டு. எனக்கும்தான். நான் போகவில்லை. அவர் போனாரா என்று நான் விசாரிக்கவில்லை.

அதற்கடுத்த சந்தை நாளில், காலை ஒன்பது மணி இருக்கும், நான் வாசலில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். பாதையில் ஒரு ஆள் வந்துகொண்டிருந்தார். தோளில் ஒரு ஜாடி. அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் நாலடிக்கு ஒரு தடவை தோள் மாற்றினார். சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. தொப்பி இல்லை, சிங்கத்தலை இல்லை, கூட ஒரு பங்காளியும் இல்லை. அவருக்கு இவ்வளவு வழுக்கை என்பதை வெயிலில்தான் கவனித்தேன்.

எஜிகே அண்ணன் பார்த்தார். "எனக்குச் சந்தைக்கு நேரமாச்சு," என்று வீட்டின் பின்பக்கமாகப் போய்விட்டார். அவர் சந்தைக்குப் போய்ப் பத்து வருடம் இருக்கும்.

அனோசி ஜாடியை இறக்கி வைத்தார். மூச்சு வாங்கியது. நான் எழுந்திருக்கவில்லை, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடாதென்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வண்டி ரோட்டோட நின்னுடுச்சு. அங்கேருந்து நடந்தேன்," என்றார்.

"ம்."

"எனக்கு மாத்திரை..." என்று தொடங்கினார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். மண்ணைப் பார்த்தபடி நின்றார். கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவருக்கு, சட்டையின் ஈரத்தைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அன்னைக்குக் கேட்டிருந்தா நீ மாட்டேன்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்தது. எண்பத்தாறுல. அதான் செவ்வாய்க்கிழமையப் பத்திக் கேட்டேன். அப்புறம் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமப் போயிடுச்சு." பிழிவதை நிறுத்தினார். "இப்ப கேட்கிறேன் அஹுன்னா. என்னைக் கட்டிக்கிறியா?"

நான் அவரைப் பார்த்தேன். அறுபத்தேழு வயது. உதடு காற்றில் வெடித்திருந்தது. கேட்டுவிட்டு நிற்கிறார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

என் தலையில் பாதிதான் எண்ணெய் வைத்திருந்தேன். மீதிப் பாதியையும் வைத்து முடித்தேன். பாட்டிலை மூடினேன்.

"அந்த நாற்காலில உட்காருங்க. யோசிக்கிறேன்."

"எவ்வளவு நேரம்?" என்றார், பிறகு அவசரமாக, "அதுக்கில்ல. வெயில் ஏறினா கள் புளிச்சிடும்," என்றார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தேன். உள்ளே கட்டிலில் போர்வை மடிக்காமல் கிடந்தது.

"புளிக்கட்டும்," என்றேன். "நாளைக்குப் புதுசா கொண்டு வாங்க. இப்பத்தான் வழி தெரிஞ்சிடுச்சே."